பொஜ்ஜார்சோவில் உடன்குடி மழை

இத்தாலி நாட்டின் நடு வயிற்றில் பொஜ்ஜார்சோ என்று ஒரு மலையூர் உண்டு, ரயிலை விட்டு இறங்கி பஸ் பிடித்து, தலை சுற்றும் வரை வளைந்து வளைந்து ஏறினால் வருகிற கடைசி நிறுத்தம் அதுதான்; அந்த ஊரில் மழை மேகத்தை நம்பிப் பெய்வதை எப்போதோ நிறுத்திவிட்டு, அமலோற்பவம் என்கிற ஒரு பெண்ணின் நெஞ்சை நம்பிப் பெய்துகொண்டிருந்தது. அமலோற்பவம் அந்த மலையில் பிறந்தவள் இல்லை. அவள் உடன்குடிக்காரி, தூத்துக்குடிக்குத் தெற்கே, சிவந்த தேரி மணலும் பனங்காடும் கருப்பட்டி மணக்கும் கடைத்தெருவுமாக இருக்கிற ஊர். நர்ஸ் படிப்பு முடித்த கையோடு, படுக்கையில் கிடந்த ஒரு பழைய வாத்தியாரைப் பார்த்துக்கொள்ள அங்கே போனவள், முதல் கோடையில் ஒரு நாள் அவருடைய சட்டைகளைக் கொடியில் காயப் போட்டுக்கொண்டே, இந்நேரம் நம்ம ஊரில் பதநீர் காய்ச்சுகிற புகை எழும்பும் என்று நினைத்தாள். நினைத்த மாத்திரத்தில் மழை பிடித்துக்கொண்டது. சட்டைகளில் பொடிப்பொடியாகச் சிவப்புப் புள்ளி விழுந்திருந்தது. தெற்குக் காற்று ஆப்பிரிக்காப் பாலைவனத்துத் தூசியைக் கொண்டுவரும், வழக்கம்தான் என்று வாத்தியார் படுக்கையிலிருந்து சொன்னார். அமலி ஒரு புள்ளியைத் தொட்டு மோந்து பார்த்தாள், தேரி மண். ஊர் மண்ணுக்கு மூக்கு பொய் சொல்லாது.

ஊர் என்பது எதற்கும் பழகிவிடுகிற பிராணி. பொஜ்ஜார்சோவும் பழகிக்கொண்டது. பெண்கள் வெள்ளைப் படுக்கை விரிப்புகளை விட்டுவிட்டுச் செங்கல் நிறத்தில் வாங்கினார்கள், புள்ளி தெரியாமல் இருக்க. திராட்சைக்காரர் சங்கத் தலைவி ஒர்னெல்லா, அமலியின் முகத்தைப் பார்த்தே, இன்று சாயங்காலம் பெய்யும், மருந்து அடிக்காதீர்கள் என்று சொல்லக் கற்றுக்கொண்டாள். மலைப் பாதையின் மூன்றாம் வளைவில், குகை மாதிரிக் கட்டி சொரூபம் வைத்த ஒரு மாதா கெபி உண்டு; மழை அதுவரை வரும், அதைத் தாண்டி ஒரு பொட்டும் விழாது. கெபிக்குக் கீழே துண்டு நிலம் வைத்திருந்த பஸ் டிரைவர் ரென்ஸோ, நனைந்த பஸ்ஸைத் தினமும் தன் காய்ந்த கொடிகளைக் கடந்து ஓட்டிக்கொண்டு போனான், ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அந்த ஊர் ஒயினுக்குக் கொஞ்சம் பேர் கூட வந்தது. மிலானிலிருந்து வந்த வியாபாரிகள் அதை நாக்கில் சுழற்றி, அடியில் ஏதோ கரிந்த இனிப்பு இருக்கிறதே, அது என்ன என்று கண்ணை மூடி யோசித்தார்கள், கடைசி வரை பேர் சொல்லத் தெரியாமல் பணத்தைக் கொடுத்து வாங்கிப் போனார்கள்.

வாத்தியார் இறந்தார். அவர் பிள்ளைகள் வீட்டை அமலியிடமே விட்டார்கள், ஊர் சொன்னதால். அவள் வாசலில் விறகு தானாக வந்து அடுக்கிக்கொண்டது, எண்ணெய் வந்தது, பாலாடைக்கட்டி வந்தது. ஒரு காய்ச்சல் என்றால் ஊரே வந்து கட்டிலைச் சுற்றி உட்கார்ந்தது. ஆனால் கிறிஸ்துமஸ் அன்று மட்டும் யாரும் அவளை விருந்துக்குக் கூப்பிடவில்லை. அவள் தனியாக மேசையில் உட்கார்ந்து ஊர்க் கோயில் மணியை நினைக்கட்டும், தைமாதத்து வேர்களுக்குத் தண்ணீர் வேண்டும் என்று. சாமியார் தோன் செல்சோ ஞாயிறுதோறும் அவளுடைய ஆரோக்கியத்துக்காக உரக்க மன்றாடிவிட்டு, அவளுக்கு அதிக சந்தோஷத்தைத் தந்துவிடாதேயும் ஆண்டவரே என்று உதட்டுக்குள் முணுமுணுத்தார். மனைவியை இழந்த தபால்காரன் ஒருவன் அவளைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டபோது, ஊர் கூடி அந்தப் பேச்சை வலிக்காமல் அமுக்கிவிட்டது. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவளை உயிராக நேசித்தார்கள், அவள் கண் நிறைந்து இருக்க வேண்டும் என்று விரும்பினார்கள், அவ்வளவுதான்.

இதில் எதுவும் முத்துக்கனிக்குத் தெரியாது.

முத்துக்கனி உடன்குடிக் கடைத்தெருவில் கருப்பட்டி மண்டி வைத்திருப்பவள். அமலியும் அவளும் ஒரே பெஞ்சு, ஒரே சைக்கிள், ஒரே நாவல்பழ மரம். அமலி விமானம் ஏறிய நாளிலிருந்து முத்துக்கனி அவளை நினைத்துக்கொண்டே இருந்தாள், கல்யாணத்தன்றும் நினைத்தாள், புருஷனை அடக்கம் பண்ணிவிட்டு வந்து தலை முழுகிய அன்றும் நினைத்தாள்; அவள் நினைப்புக்கு எந்த ஊரிலும் மழை பெய்யவில்லை. ஆரம்பத்தில் வந்த போன்கள் மெல்ல நின்றன. பிறகு முப்பது வருஷத்துக்குக் கிட்ட பேச்சே இல்லை. போன ஆனியில் திடீரென்று போன் வந்தது.

"ஏட்டி கனி, நான் அமலி பேசுதேன். ஆவணியில ஒரு வாரம் இங்கன வந்து இருந்துட்டுப் போயேன். டிக்கெட்டெல்லாம் நாங்க எடுத்திருக்கோம்."

நாங்க என்றது யாரை என்று முத்துக்கனி கேட்கவில்லை. கேட்கிற நிலைமையில் அவள் இல்லை, மண்டியின் நடுவில் நின்று அழுதுகொண்டிருந்தாள். அன்றைக்கே கொத்தனாரைக் கூப்பிட்டு, வீட்டு மாடியில் பனங்காட்டைப் பார்த்த ஜன்னலோடு ஒரு அறை கட்டச் சொன்னாள். வரும்போது அமலியைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிடுவது என்று முடிவு பண்ணியிருந்தாள். அதற்குத்தான் போனாள், இத்தாலியைப் பார்க்க இல்லை.

ரென்ஸோவின் பஸ்ஸிலிருந்து அவள் இறங்கியபோது ஊரே நிறுத்தத்தில் நின்றது. இப்படி ஒரு வரவேற்பை அவள் சொந்தக் கல்யாணத்திலும் கண்டதில்லை. ஒர்னெல்லா இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள், சாமியார் கையைப் பிடித்துக் குலுக்கினார், ஆனால் எல்லார் கண்ணும் அவளுடைய பெட்டியின் மேலேயே இருந்தது. திருடுகிற சனங்களாக இருக்குமோ என்று முத்துக்கனி ஒரு கணம் பெட்டியை இறுக்கிப் பிடித்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு, நரைத்த கொண்டையோடு ஒருத்தி வந்தாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"என்னட்டி இப்படிக் கெழவியாயிட்ட" என்றாள் முத்துக்கனி.

"நீ மட்டும் கொமரியாக்கும்" என்றாள் அமலி.

பெட்டியை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

பெட்டியில் கருப்பட்டி இருந்தது, சுக்கு போட்டது ஒரு பங்கு, போடாதது இரண்டு பங்கு. சுண்டவத்தல் இருந்தது, சீலா கருவாடு ஏழு சுற்றுத் துணிக்குள் இருந்தது, பனங்கிழங்கு மாவு இருந்தது. அமலி எது எது இல்லாமல் ஏங்கிப்போயிருப்பாள் என்று யோசித்து யோசித்து எடுத்து வைத்தது. முதல் நாள் மத்தியானமே அமலி கருப்பட்டிக் காப்பி போட்டுக் குடித்தாள், அப்படியே சுவரில் சாய்ந்து, கண்ணை மூடி, வயிறும் நெஞ்சும் நிறைந்த ஒரு பெருமூச்சு விட்டாள். ஜன்னலுக்கு வெளியே சந்தில் நின்ற ஒர்னெல்லா அந்தப் பெருமூச்சைக் கேட்டுவிட்டு வானத்தைப் பார்த்தாள். வானம் துடைத்த பாத்திரமாக இருந்தது.

சாப்பாட்டுக்கு ஊர் ஒயினை ஒரு மடக்கு குடித்த முத்துக்கனி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"ஏட்டி, இதுல யாரு நம்ம ஊர்க் கருப்பட்டியக் கரைச்சது?"

"மழை" என்றாள் அமலி. பிறகு எல்லாவற்றையும் சொன்னாள், வாத்தியார் சட்டையிலிருந்து தபால்காரன் வரை. முத்துக்கனி கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள். ஊரை நினைத்தால் மழை வரும் என்பதில் அவளுக்கு ஆச்சரியப்பட எதுவும் இருக்கவில்லை, தேரிக்காட்டில் பிறந்தவளை நினைக்க வைத்தால் வானம் இறங்கித்தானே ஆக வேண்டும். தபால்காரன் விஷயத்தில்தான் அவளுக்குக் கோபம் வந்தது.

அந்த நாட்கள் தேனாகப் போயின. இருவரும் திராட்சைப் பந்தலுக்கு நடுவே நடந்தார்கள், பழைய டீச்சர்களைத் திட்டினார்கள், செத்துப்போனவர்கள் எல்லாரையும் ஒரு சுற்று விசாரித்து முடித்தார்கள். கருவாடு வறுத்த அன்று மூன்று தெருவில் ஜன்னல் சாத்தினார்கள். அமலி சிரித்த சிரிப்புக்குப் புறாக்கள் கோயில் கோபுரத்தை விட்டுக் கிளம்பின. மழை மட்டும் பெய்யவில்லை, அவள் எதற்காக ஏங்க, ஊரே பெட்டியில் ஏறி வந்து அடுப்பில் கொதிக்கும்போது. தினமும் யாராவது வந்தார்கள். ரொட்டிக்காரர் ரொட்டியோடு வந்தார், சாமியார் அத்திப்பழத்தோடு வந்தார், ரென்ஸோ தனக்குத் தெரிந்த ஒரே தமிழ்ப் பேச்சான "சாப்பிட்டாச்சா"வோடு வந்தான். எல்லாரும் போகும்போது அமலியிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்.

"என்னட்டி கேக்காவ?"

"நீ என்னைக்குக் கெளம்புதன்னு கேக்காவ."

"பாத்தியா, எவ்வளவு பாசம். வழியனுப்ப விருந்து வைக்கப் போறாவ போல."

அமலி பீன்ஸ் உரிப்பதில் கண்ணாக இருந்தாள்.

கிளம்புவதற்கு முந்தின நாள், பின்பக்கத்துத் தோட்டத்தில் உட்கார்ந்திருக்கும்போது, முத்துக்கனி மாடி அறையைப் பற்றிச் சொன்னாள். ஜன்னலைச் சொன்னாள், ஜன்னலில் தெரிகிற பனங்காட்டைச் சொன்னாள், குழாய்த் தண்ணீர் மாடி வரை ஏறுவதைச் சொன்னாள். "எங்கூட வந்துரு. இனி நமக்கு யாரு இருக்கா, உனக்கு நான், எனக்கு நீ" என்றாள். அமலியின் முகம் மாறியதைப் பார்த்து, சந்தோஷத்தில் அழப்போகிறாள் என்றுதான் நினைத்தாள்.

"கனி, உன்ன நான் எதுக்குக் கூப்பிட்டேன் தெரியுமா?"

"பாக்கணும்னுதான்."

"அனுப்பி வைக்கத்தான்" என்றாள் அமலி.

அவள் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். ஏக்கமும் தேய்கிற சாமான்தான். மூன்று நாலு வருஷமாக மழை தூறலாகி, தூறல் பனியாகி, போன வருஷம் தபால் தலை நனையும் அளவுக்குக்கூட விழவில்லை. கடைத்தெருவில் எந்தக் கடைக்கு அடுத்து எந்தக் கடை என்பது அவளுக்கு மறந்துவிட்டது; அம்மாவின் முகம் எப்போதாவதுதான் வந்தது. ஊர் என்னென்னவோ செய்து பார்த்தது. ஒர்னெல்லா சோறு பொங்கிக் கொண்டுவந்தாள், அது பசையாக இருந்தது. ஒரு பனங்கன்றை வரவழைத்து வைத்தார்கள், அது குளிரில் செத்தது. கடைசியில் சங்கம் கூடிப் பேசி, இவளுக்குப் புதிதாக ஒரு பிரிவு வேண்டும், அந்த ஊரிலிருந்து யாரையாவது கூப்பிட்டு ஒரு வாரம் வைத்திருந்து திருப்பி அனுப்பினால் மனசு மறுபடியும் கசியும் என்று முடிவெடுத்தது. யாரைக் கூப்பிடலாம் என்று கேட்டார்கள். அமலி முத்துக்கனி பேரைச் சொன்னாள்.

முத்துக்கனி ஒரு திராட்சை இலையைக் கிள்ளி எறிந்தாள்.

"அப்ப நான் என்ன, மழைக்கு நேந்துவிட்ட கெடாயா?"

"கனி."

"இத்தன வருசம் இங்க பெஞ்சுதே, அதுல ஒரு தூத்தலாவது என்ன நெனச்சுப் பெஞ்சுதாட்டி? அதச் சொல்லு முதல்ல."

அமலிக்குப் பொய் சொல்ல வராது, சின்ன வயசிலிருந்தே வராது. "உன்ன நெனச்சுதா, ஊர நெனச்சுதான்னு நான் பிரிச்சுப் பாத்ததில்ல கனி" என்றாள்.

முத்துக்கனிக்கு அது முகத்தில் அடித்ததுபோல இருந்தது. முப்பது வருஷம் அவள் நினைத்ததில் ஊர் இல்லை, தேரி இல்லை, இவள் ஒருத்திதான் இருந்தாள். "நான் போகப் போறதில்ல" என்று எழுந்தாள். "இங்கனயே கெடப்பேன். தினமும் கருப்பட்டிக் காப்பி போட்டுத் தருவேன். உங்க திராட்ச காஞ்சு கருகட்டும்."

"இரு" என்றாள் அமலி, உடனே, குரல் உடைந்து. "நீ இருந்தா எனக்கு மழையும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். நான் என்ன இந்த ஊருக்குக் கெணறா? இரு கனி."

அதை அவள் மெய்யாகவே சொன்னாள் என்பது முத்துக்கனிக்குத் தெரிந்தது. தெரிந்ததுதான் வினையாகப் போயிற்று, கோபம் இருந்த இடத்தில் இப்போது தன்னால் ஒரு ஊர் காயப்போகிறது என்கிற நினைப்பு வந்து உட்கார்ந்துகொண்டது.

விடிந்ததும் அவள் தனியாகத் தோட்டங்களின் பக்கம் நடந்தாள். இலைகள் விளிம்பில் சுருண்டிருந்தன. கறுக்கத் தொடங்கிய காய்கள் தொட்டால் தோல் மட்டும் அசைந்தது. ஒர்னெல்லா டிராக்டரில் டிரம் வைத்து, செம்பு செம்பாக வேருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். விஷயம் முந்தின நாளே ஊருக்குத் தெரிந்துவிட்டிருந்தது, சின்ன ஊர். ஒர்னெல்லா ஒரு சுடுசொல் சொல்லவில்லை. இருப்பதில் நல்ல கொத்தாக ஒன்றை அறுத்து, தாவணி மாதிரி கழுத்தில் கிடந்த துணியால் தூசியைத் துடைத்து, அவள் கையில் கொடுத்தாள். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் சுமந்து வளர்ந்தவளுக்கு வாடிய இலையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. முத்துக்கனி செம்பை வாங்கி இரண்டு வேருக்கு ஊற்றினாள். மூன்றாவது வேருக்கு ஊற்றும்போது அழுதாள்.

திரும்பி வந்து அமலியை முன்னால் உட்கார வைத்து, தேங்காயெண்ணெய் தேய்த்து, சிக்கெடுத்து, பள்ளிக்கூட நாளில் போடுகிறதுபோல இரட்டைப் பின்னல் போட்டுவிட்டாள். பிறகு அடுக்களைக்குப் போய், மிச்சமிருந்த கருப்பட்டியை எடுத்தாள், வத்தலை எடுத்தாள், மாவை எடுத்தாள், டப்பாவின் அடியில் ஒட்டியிருந்த சுக்குத் துணுக்கைக்கூட விடாமல் எடுத்து, எல்லாவற்றையும் தன் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். அமலி நிலைப்படியில் நின்று பார்த்தாள்.

"ஒண்ணே ஒண்ணு வச்சுட்டுப் போயேன்."

"மாட்டேன்" என்றாள் முத்துக்கனி. "உன் ஊருக்குத் தண்ணி வேணும்லா."

"நீ கெட்டினியே, மாடி?"

"இருக்கட்டும். பூட்டி வச்சிருக்கேன். யாருக்கும் குடுக்க மாட்டேன்."

பஸ் நிறுத்தத்தில் ஊர் கூடியிருந்தது. பீப்பாய்களின் மூடிகளைத் திறந்து வைத்திருந்தார்கள், கூரைத் தாழ்வாரத்தின் கீழே வாளிகள் வரிசையாக இருந்தன, அதைப் பார்க்க முத்துக்கனிக்குச் சிரிப்பும் வந்தது. இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஊர் மரியாதைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு வானத்தைப் பார்த்தது. மேகம் இல்லை. முத்துக்கனி பஸ்ஸில் ஏறினாள், மேகம் இல்லை. ரென்ஸோ கதவைச் சாத்தினான், வண்டியைக் கிளப்பினான். பின் கண்ணாடியில் இரட்டைப் பின்னல் போட்ட கிழவி ஒருத்தி கையை உயர்த்தியபடி சின்னதாகிக்கொண்டே போனாள், அவள் தலைக்கு மேலே வானம் பளிச்சென்று நீலமாக இருந்தது.

முதல் வளைவு போயிற்று. இரண்டாம் வளைவு போயிற்று. மூன்றாவதில் கெபி வந்தது, மாதாவின் காலடியில் காய்ந்த பூ கிடந்தது. இனி இல்லை என்று முத்துக்கனிக்குத் தெரிந்தது. கெபியைத் தாண்டி மழை வந்ததாகக் கதையிலும் இல்லை. ஊரை நினைத்துப் பெய்தாள், என்னை நினைத்து ஒரு பொட்டு இல்லை என்று எண்ணிக்கொண்டாள். முப்பது வருஷம் சுமந்ததை இறக்கி வைக்க இடம் இல்லாமல் பெட்டியை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

கண்ணாடியில் ஒரு துளி விழுந்தது. சிவப்பாக விழுந்தது.

அடுத்தது விழுந்தது, அதற்கடுத்தது விழுந்தது, பிறகு பஸ்ஸின் கூரையில் யாரோ மரக்கால் மரக்காலாக நெல்லைக் கொட்டுகிறதுபோல மழை கொட்டத் தொடங்கியது. ரென்ஸோ வைப்பரைப் போட்டான். முத்துக்கனி ஜன்னலைத் திறந்து கையை நீட்டினாள். தேரி மண் வாசம், கொதிக்கிற பதநீர் வாசம். பாதை முன்னாலும் பின்னாலும் புழுதியாகக் கிடந்தது. மழை பஸ்ஸின் மேலும் அதன் இரண்டு பக்கத்திலும் மட்டும், பஸ் போகிற வேகத்துக்குக் கூடவே இறங்கி வந்தது.

கைப்பையில் போன் அடித்தது.

"கனி" என்றாள் அமலி. மூக்கடைத்த குரல். "நான் தெருவுல நின்னு அழுதுக்கிட்டு இருக்கேன், நிறுத்த முடியல. உன்ன நெனச்சு நெஞ்சு வலிக்கிட்டி. ஆனா இங்க ஒரு சொட்டு விழல. எல்லாரும் என்னையே பாக்காவ. எனக்கு என்ன ஆச்சுன்னு தெரியல, மழை எங்க போச்சுன்னு தெரியல."

முத்துக்கனியின் கை நனைந்திருந்தது, மடி நனைந்திருந்தது, பெட்டியின் மேல் சிவப்புப் புள்ளிகள் விழுந்திருந்தன.

"அழு" என்றாள். "நல்லா அழு. அது எங்கூட வருது."

ரென்ஸோ தலைக்கு மேல் தொங்கிய கண்ணாடியில் அவளைப் பார்த்தான், வெளியே தன் துண்டு நிலத்தைப் பார்த்தான், கைக்கடிகாரத்தை ஒருமுறை பார்த்தான். மலையடிவாரத்தைச் சுற்றி, பொஜ்ஜார்சோவின் எல்லாத் தோட்டங்களையும் ஓரமாகத் தொட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போகிற ஒரு மண்பாதை அங்கே பிரிகிறது. அதில் போனால் ரயில் தவறிவிடும். அவன் கையால் பாதையைக் காட்டி, புருவத்தை உயர்த்தி, கேட்டான். முத்துக்கனி தலையை ஆட்டினாள். ரென்ஸோ பஸ்ஸை முதல் கியருக்கு மாற்றி, தன் கொடிகளின் வரிசை ஓரமாக, நடக்கிற ஆளின் வேகத்தில் ஓட்டத் தொடங்கினான்.